தாய்மாமனைக் கட்டியவள்

அம்மாக்கண்ணுவின் புருஷன் சின்னத்தம்பி, அவளைப் பெற்ற அழகம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் சனத்துக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அக்காவுக்குப் பெண் பிறந்தால் தம்பிக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அவள் சடங்கானபோது பச்சை ஓலையில் குடிசை கட்டியவனும் அவன்தான், மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியவனும் அவன்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே கூடி நின்று சாப்பிட்டது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, எங்கள் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில், அழகம்மாவும் அவர்களும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்தார்கள்.

நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்களை நாடில்லாதவர்களாக்கியது. பிறகு, மனுப் போட்டுப் பிரஜாவுரிமை கேட்கலாம் என்றார்கள். பெண்சாதி, பிள்ளைகள் பெயரையும் சேர்த்துச் சின்னத்தம்பி போட்டான். விசாரணைக்கு ஐம்பத்தாறில்தான் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் மாலை, மனு எழுதிக்கொடுத்த இக்னேசியஸ் வந்தார். இந்த நாட்டுச் சட்டத்தில் அக்கா மகளைக் கட்டுவது கல்யாணமே இல்லையாம். தெரிந்தால் அவளும் பிள்ளைகளும் மனுவிலிருந்து வெளியே போக வேண்டியதுதான். அதனால் கேட்டால் சொந்தமில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். தங்கள் கிறிஸ்தவ வேதத்திலும் சாமியார் இதற்கு லேசில் விடமாட்டார் என்று போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார். அடுப்படியில் இருந்த அழகம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் பேசினார். அம்மாக்கண்ணு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சின்னத்தம்பி தலையாட்டினான்.

பக்கத்துக் காம்பராக்காரன் என்று சாட்சிக்கு என்னையும் ஹட்டனுக்குக் கூட்டிப்போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. விசாரித்தவர் சிங்கள உத்தியோகத்தர். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இவ உமக்கு என்ன முறை?"

"சொந்தமில்லீங்க. வேற தோட்டத்துப் பொண்ணுங்க."

"இவவின்ர தாய்?"

சின்னத்தம்பி தரையைப் பார்த்தான். "செத்துப்போச்சுங்க."

அம்மாக்கண்ணு எழுந்துவிட்டாள். "பொய்யிங்க. எங்கம்மா உசுரோட இருக்கு. இவுக எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. அதனாலதான் கட்டிக்கிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "தாய்மாமனையோ? உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் சரியோ?"

"ஏன், என்னா கொறச்சல்? எங்க தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கட்டியிருக்கிறது அவரு சித்தப்பா மகளை. பங்களாவுல வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும். எங்கள்ல அது தங்கச்சி. நெனைச்சாலே தலைமுழுகணும். அவரை யாராவது இப்படி நிக்க வச்சுக் கேட்டீங்களா?"

அத்தனையும் ஆங்கிலத்தில் ஒரே வரியாகச் சுருங்கியது. உறவை ஒப்புக்கொள்கிறாள், அவ்வளவுதான். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தன் மனைவியும் தாய்மாமன் மகள்தான், அதுவரைக்கும் சட்டம் விடுகிறது, அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சிங்களத்தில் அவளிடமே சொன்னார். துரையின் கல்யாணத்தையும் அவருடைய கல்யாணத்தையும் உள்ளே விட்டு, கரெக்டாக எங்கள் வாசலில் கோடு கிழித்த கை யாருடையது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

பஸ்ஸில் சின்னத்தம்பி தள்ளிப்போய் உட்கார்ந்தான். இறங்கும்போது சொன்னான். "ரெண்டு புள்ளைக தலையிலயும் மண்ணைப் போட்டுட்ட."

"நீங்க எங்கம்மா வாயில போட்டீங்களே மாமா, வாய்க்கரிசி. அது?"

காம்பராவில் அழகம்மா சோறு வடித்து வைத்துவிட்டு, போன காரியம் என்னவானது என்று கேட்டாள். மகள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழகம்மா தம்பியைப் பார்த்தாள். தாய் தகப்பன் போன பிறகு, கப்பலேற்றும் மண்டபம் முகாமிலிருந்து இந்த மலை வரைக்கும் அவனை இடுப்பில் சுமந்து வந்தவள் அவள். தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் தள்ளினாள்.

"செத்தவ ஆக்கினது. திங்கிறியா தம்பி?"

அவன் தட்டைத் தொடவில்லை.

சில மாதங்களில் மனு தள்ளுபடியானது. பொய் சொன்னதால் என்று அவனுக்குக் காரணம் போட்டிருந்தார்கள். அதே தாளில், உண்மை சொன்னவளின் கல்யாணம் செல்லாது என்றும் போட்டிருந்தார்கள். எதைச் சொன்னாலும் வாசல் ஒன்றுதான், அது வெளியே போகிற வாசல்.

லயத்தில் யாரும் சட்டத்தைத் திட்டவில்லை. அவளைத்தான் திட்டினார்கள். ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட நிற்கும்போது, எங்கள் லயத்து நாகலெட்சுமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: அந்த ஒரு பொய்யை விட்டுவைத்திருந்தால் இவள் பிள்ளைகள் இந்நேரம் இந்த நாட்டு மனுஷராகியிருக்கும்.

அம்மாக்கண்ணு திரும்பினாள்.

"உங்கம்மா இந்தா பின்னாலதானே நிக்கிது. அது மூஞ்சியப் பாத்து, நீ செத்துட்டன்னு சொல்லு. சொல்லிட்டு எங்கிட்ட வா."