மூன்று பூதங்களை வைத்து நாடாண்டவர்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோல் கிளாக்கராக இருந்த தயாபரன், வாரத்தில் ஆறு நாள் வருகைப் பதிவேட்டில் தொழிலாளர்களுக்குப் பேர் போட்டார். ஏழாம் நாள் ஓர் இராச்சியத்தை ஆண்டார். அந்த இராச்சியம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஷுக்ரியின் நெட் கஃபேயில், சுவரோரக் கணினியில் இருந்தது. சரித்திர ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் போனதற்குக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இது நடந்தது 2007இல். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் நுழைந்து, பகடை உருட்டிச் சண்டை பிடிக்கும் விளையாட்டு அது. காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டிய தயாபரனுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. முகத்தில் கரி பூச வேண்டியதில்லை என்பதே வித்தியாசம். மேசை, வரைபடம், பகடை எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் இருந்தன. கதை சொல்வது தயாபரன். கடைக்கார ஷுக்ரி வாள்வீரன். அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சிவரூபி மந்திரக்காரி. தயாபரனோடு கூடப்படித்து லண்டனுக்குப் போய்விட்ட பார்த்தீபன், ஸ்பீக்கருக்குள்ளிருந்து அம்பு விட்டான்.

மென்பொருளுக்கு மூன்று விதமான உரிமம், மூன்று விலை. கம்பனியின் ஆங்கிலத்தைப் படித்து மற்றவர்கள் தலையைச் சொறிந்தபோது தயாபரன் தொண்டையைச் செருமினார்.

"இது நம்ம செக்ரோல்தாங்க. நாள் பூரா வேல செஞ்சா முழுப்பேரு, பாதி நாள்னா அரைப்பேரு, இல்லியா? இங்கயும் முழுப்பேரு வாங்குனா மேச போட்டு ஆட்டம் நடத்தலாம். அரைப்பேருன்னா அடுத்தவன் மேசையில போய் குந்தலாம், அம்புட்டுதான். மூணாவது இருக்கே, அது கங்காணிப் பேரு. ஒருத்தர் அத வாங்கிட்டா, அவரு மேசையில யாரு வந்து குந்துனாலும் சல்லி இல்ல."

பார்த்தீபன் தன் கார்டில் கங்காணிப் பேரையே வாங்கி, தயாபரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தான். கூடவே ஒரு பூதப் பொதியும் வாங்கினான். பூதங்களின் படங்களைக் கம்பனி தனியாக விற்றது. பொதிக்கு மூன்று பூதம், விலை டொலரில்.

வினை அந்தப் பொதிக்குள் இருந்தது. படத்தைப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு பூதம் இரண்டாகும், இரண்டு நாலாகும். ஆனால் தயாபரனுக்கு முன்பிருந்த கிளாக்கர், செத்துப்போன ஒரு கிழவியைச் செக்ரோலில் மட்டும் இரண்டு மாதம் உயிரோடு வைத்திருந்து, அகப்பட்டு, வேலை போய், இப்போது ஹல்துமுல்லையில் வெற்றிலை விற்கிறார். வராத ஆளுக்குப் பேர் போடுவதும், வாங்காத பூதத்தை மேசையில் நிறுத்துவதும் தயாபரனின் சட்டத்தில் ஒரே குற்றம். ஆகவே அவருடைய இராச்சியத்தின் மொத்தத் தீயசக்தி மூன்று உருப்படி. ஞாயிறு தோறும் அவை செத்தன. அடுத்த ஞாயிறு, காலையில் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் தோட்டத்து ஆட்களைப்போல, பெரட்டுக்குத் தவறாமல் வந்து நின்றன.

"இது போன கிழமை நான் எரிச்ச பூதமெல்லே?" என்றாள் சிவரூபி. "காது அறுந்திருக்கு, பாருங்கோ."

"அது அண்ணன் பூதம். இது தம்பிங்க மிஸ்."

"தம்பிக்கும் அதே காதோ?"

கதை வளர்ந்து கறுப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. பூதப்படை திரண்டு வந்து கோட்டையை முற்றுகையிட வேண்டிய கட்டம். தயாபரன் குரலைத் தாழ்த்தி, "மலைய மறைச்சிக்கிட்டு வருது படை" என்றார். திரையில் மூன்று பேர் வந்தார்கள்.

"எங்க ஈக்கி படை?" என்றான் ஷுக்ரி. "கிளாக்கர், இந்த மூணு பேரையும் ஒரு திரீவீல்ல ஏத்தலாமே!"

"டேய் தயா, அடுத்த கிழமையும் இதே மூண்டு பூதமெண்டால் நான் வரேல்லை," என்றது ஸ்பீக்கர். சிவரூபி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சபை கலையப் போவதைக் கண்ட தயாபரன் பட்டனை அழுத்தினார். நாலாவது பூதம் எழுந்து நின்றது. பதுளைக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. உடனே அதை அழித்துவிட்டு, குடையை மறந்து, பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாளே வேலை முடிந்து வந்து கம்பனிக்கு ஓர் இமெயில் எழுதினார். அனுமதியின்றி ஒரு பூதத்தைச் சிறிது நேரம் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு, நானூறு பூதம் மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா, சண்டை மத்தியானத்தோடு முடிந்தால் அரைப்பேர் போடலாமா என்று பணிவுடன் விசாரித்திருந்தார். அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. கம்பனி உரிமத்தைப் பறித்தால் மேசை போகும். மேசை போனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் துணி துவைக்கும் நாளாகிவிடும். அந்த வாரம் முழுக்கத் தோட்டத்து ஆபீஸில் போன் அடித்தபோதெல்லாம் அவர் எழுந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்திருந்தது. அதைத் திறக்கத் தயாபரனுக்குக் கை வரவில்லை. சிவரூபிதான் திறந்து படித்தாள். படித்துக்கொண்டே போனவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"விசாரணையா மிஸ்? பெரிய தொரையே எழுதியிருக்காரா?"

"ஐயோ, பயப்பிடாதேங்கோ. நீங்கள் வாங்கினது பூதத்தை இல்லையாம், படத்தையாம். உங்கடை மேசையிலை நாலு எண்டாலும் நானூறு எண்டாலும் நிப்பாட்டலாமாம். வெளியிலை விக்காட்டிச் சரி."

"அப்ப அந்த நாலாவது?"

"அது குற்றமே இல்லையாம். 'எங்கடை கம்பனிக் கந்தோரிலை எல்லாரும் உங்கடை கடிதத்தை வாசிச்சம்' எண்டும் போட்டிருக்கினம்."

தயாபரன் நாற்காலியில் சாய்ந்து விட்ட மூச்சில் பக்கத்துக் கணினியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் பாலில்லாத பிளேன்டி சொன்னார். யார் கணக்கென்று தெரியாமல், ஸ்டாம்ப் வாங்க வந்த ஒரு போலீஸ்காரரும் குடித்தார்.

பிறகு ஆட்சி தொடங்கியது. பட்டனை அழுத்தினார், அழுத்தினார், பச்சைப் பூதங்களால் திரை முழுதும் பச்சையாகும்வரை அழுத்தினார். கணினி ஒரு முறை திணறி நின்று மறுபடி எழுந்தது. மலை உண்மையாகவே மறைந்தது. ஷுக்ரி வாளை உருவும் முன்னமே மிதிபட்டான். சிவரூபி மந்திரத்தின் முதல் பாதியில் போய்ச் சேர்ந்தாள்.

"ஐயோ, என்னைத் தின்னுறாங்களடா!" என்று லண்டனிலிருந்து ஆனந்தக் கூச்சல் கேட்டது.

கோட்டை மத்தியானத்துக்கு முன்பே விழுந்தது. நியாயப்படி பார்த்தால் அது பாதி நாள் வேலைதான். தயாபரன் சற்று யோசித்தார். பிறகு, உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாராள மனதோடு, நானூறு பூதங்களுக்கும் முழுப்பேரே போட்டார்.