இலங்கையை நீட்டிய பேனை

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறோம். நுகேகொடை விவசாயக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டிய படத்தைச் சுருட்டிக் கறுப்புத் துணியில் கட்டியிருக்கிறேன். துப்பாக்கி போலவே இருக்கிறது. போதாததற்கு, அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி.

"இது என்ன, அய்யே?" சிங்களச் சிப்பாய் தமிழில் கேட்கிறான்.

"விவசாயத்தால எந்த நாடு எவ்வளவு காபனீரொட்சைட்டு விடுது எண்டு காட்டுற படம், மல்லி." தம்பி என்பதை நான் சிங்களத்தில் சொல்கிறேன்.

அவன் விழிக்கிறான். சுருக்கமாக, "காஸ்" என்கிறேன். குண்டைத் தேடும் சாவடியில் சொல்லக்கூடாத சொல். இரண்டடி பின்வாங்கித் துப்பாக்கியைத் தூக்குகிறான்.

அவசரமாக விரித்துக் காட்டுகிறேன். "வயல், டிராக்டர், புகை."

நாட்டுக்கு ஒன்றாக வரைந்த கோடுகளில் நீளமானவற்றைத் தாண்டி, அவன் விரல் அடியில் இலங்கையின் குட்டைக் கோட்டில் வந்து நிற்கிறது. "நம்ம லங்கா இவ்வளவுதானா? எங்க அப்பா ரெண்டு போகமும் வயல் செய்றார்."

"குறைஞ்சாத்தான் நல்லது, மல்லி."

"நல்லது எண்டா ஏன் கடைசியில போட்டது?"

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. இவன் பிடித்துக் கொடுத்தால் பொலிஸில் போய் விளக்கும் தைரியம் எனக்கில்லை. பேனையை எடுத்து இலங்கையின் கோட்டை நீட்டுகிறேன்.

"இன்னும் கொஞ்சம், அய்யே."

கோடு இந்தியாவின் கோட்டையும் தாண்டியதும் அவனே படத்தைச் சுருட்டிக் கையில் தருகிறான். பத்து நிமிடத்தில் நாடு இப்படி முன்னேறிய விதத்தை நுகேகொடையில் நான்தான் விளக்க வேண்டும்.