கரிக்குண்டானுக்கு மேனேஜர் முகம்

தூசியக்காவுக்குச் சொந்தப் பேர் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. ஆனால் அந்தப் பதிப்பகத்தில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் அறை. அதில் ஒரு ஸ்கேனர், ஒரு பெரிய கம்ப்யூட்டர், உட்கார்ந்தால் கீச்சிடும் ஒரு நாற்காலி. எலி வளையானாலும் தனி வளை என்று அவளுக்கு அதில் ஏகப்பெருமை. பழைய புத்தகங்களை மறுபடி அச்சடிப்பதற்கு முன்னால் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, கறை, மடிப்பு, பூச்சி அரித்த ஓட்டை, எந்தப் புண்ணியவானோ எப்போதோ சிந்திய காபி எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதுதான் வேலை, அதனால்தான் அந்தப் பேர்.

வெளியே வந்தாலும் அந்தப் புத்தி விடாது. எதிரே நிற்பவர் சட்டையில் ஒரு நூல் தொங்கினால் போதும், அவர் எவ்வளவு பெரிய விஷயம் பேசிக்கொண்டிருந்தாலும் இவள் கை நூலுக்குத்தான் போகும். வாயும் அப்படித்தான், மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் வயிறு வீங்கிவிடும். அந்த வாயால்தான் கல்யாணமே நடந்தது. ஒரு நாள் ஆபீஸ் லிஃப்ட் பாதியில் நின்றுபோய் இவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்த மெக்கானிக்குக்கு நன்றி சொல்வாளா? "இதான் வர்ற நேரமா?" என்று ஒரு பிடி பிடித்தாள். கடல் தாண்டிய தேசத்திலிருந்து வேலைக்கு வந்த மனிதர். நல்ல கறுப்பு, நல்ல உயரம், அதைவிட நல்ல பொறுமை. பட்டறையில் கற்றுக்கொண்ட தமிழில் பாதி பழமொழி, மீதி கிண்டல். திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தவரை இவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இவர்களுக்கு ஒரு பெண். வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அப்பாவின் நிறம், அப்பாவின் சுருட்டை முடி, அம்மாவின் வாய். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தது. பதிப்பகத்தில் குழந்தைகள் புத்தகம் எது வந்தாலும் முதல் பிரதி அதற்குத்தான் என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

இந்த நிலையில்தான் பதிப்பகத்தார் ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய வார இதழில் முன்னொரு காலத்தில் வந்துகொண்டிருந்த ஒரு கேலிச்சித்திரத் தொடர். ஒரு பணக்காரக் குண்டு முதலாளி, அவர் மனைவி, மாமியார், அந்த வீட்டில் நடக்கும் கூத்து. வரைந்தவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. ஆனாலும் அந்த முதலாளியைத் தெரியாத வீடு கிடையாது. மொத்தத்தையும் சேர்த்து, வண்ணத்தில், தடியாக ஒரு குழந்தைகள் புத்தகம் போடுவதாக ஏற்பாடு. தூசியக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வாண்டுவிடம் சொல்லிவிட்டாள். வாண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டது.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து திருத்த உட்கார்ந்தாள். கொஞ்சம் பக்கங்கள் தள்ளியதும் ஒரு சமையல்காரன் வந்தான். கரிக்குண்டான் என்று பேர். கடல் கடந்து வந்தவன். முகம் ஒரு கறுப்பு உருண்டை, கண்கள் இரண்டு சாஸர், உதடுகள் ஊதி விட்ட பலூன். உடைந்த பேச்சு. பக்கத்துக்குப் பக்கம் முதலாளி அவனை உதைப்பார், மாமியார் வாளியைக் கவிழ்ப்பாள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தூசியக்காவின் கை மவுஸை விட்டு எடுபட்டது. அந்த உருண்டைத் தலையில் சுருட்டி விட்டிருந்த அதே முடிக்கு, வாண்டுவின் தலையில், அன்று காலைதான் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டு வந்திருந்தாள். இதையா கொண்டுபோய் அந்தப் பெண் கையில் கொடுப்பது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைத்து நினைத்தே பாதி முடியை இழந்தவர். இவள் வீட்டுக்காரரை அவருக்கும் தெரியும். அவர் முகம் சிவந்து, நாற்காலியில் நெளிந்தார். பக்கத்தில் ப்ரூஃப் பார்க்கும் அண்ணன், கையில் டீ.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க தூசியக்கா" என்றார் மேனேஜர். "இதுவும் ஒரு அழுக்குன்னு நினைச்சுக்குங்க. நிறத்த மாத்துங்க, உதட்டக் குறைங்க, கண்ணச் சின்னதாக்குங்க. ஆளு நார்மலாயிடுவான்."

"நார்மல்னா யாரு மாதிரி சார்?"

"யாரு மாதிரியோ. நம்மள மாதிரி."

ப்ரூஃப் அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "வரைஞ்ச மனுஷன் போட்ட கோட்டுல கை வெக்க நாம யாரு? இன்னிக்கு இதுக்கு உதட்டக் குறைப்பீங்க, நாளைக்குப் பழைய சிலைக்கெல்லாம் சட்டை மாட்டுவீங்க."

"அண்ணே, உங்க பொண்ண உருண்டையா வரைஞ்சு பக்கத்துக்குப் பக்கம் உதைச்சா, அப்பவும் கோட்டுக்கு மரியாதை குடுப்பீங்களா?"

"என் பொண்ண எதுக்கு உதைக்கணும்?" என்று ஆரம்பித்தவர், பாதியில் புரிந்துபோய், டீயில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூசியக்காவுக்கு மேனேஜர் சொன்னது சர்க்கரையாக இனித்தது. அழிப்பதுதானே அவள் தொழில்? ராப்பகலாக அதே நினைப்பு. உருண்டையைச் செதுக்கி முகமாக்கினாள், உதட்டைச் சுருக்கினாள், கண்ணுக்கு இமை வைத்தாள், நிறத்தை மாற்றினாள். வேலை முடிந்ததும் பக்கங்களை அச்செடுத்து மீட்டிங் மேஜையில் பரப்பினாள்.

ப்ரூஃப் அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே மேனேஜரைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்போதுதான் தூசியக்காவுக்கும் உறைத்தது. அட கடவுளே, அது மேனேஜர்!

எப்படி நடந்தது என்கிறீர்களா? இதழில் வாராவாரம் மேனேஜர் பேசுகிற பக்கம் ஒன்று உண்டு. அதில் வரும் அவர் போட்டோவில் பரு எடுத்து, தாடையை இழுத்துக் கட்டி, வழுக்கையின் பளபளப்பைக் குறைப்பவள் இவள்தான். வருஷக்கணக்காக அந்த ஒரு முகத்தையே திருத்தி வந்த கை, அவலை நினைத்து உரலை இடித்தாற்போல, புது முகம் கேட்டதும் அதையே போட்டுவிட்டது.

மேனேஜரும் முதலில் சிரித்தார். அவர் அப்படிப்பட்டவர்தான். "பரவால்லையே, இதுல நான் கொஞ்சம் இளமையா இருக்கேன்" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முதலாளி அவரை உதைத்தார். அதற்கடுத்ததில் மாமியார் அவர் தலையில் எச்சில் வாளியைக் கவிழ்த்தாள். இன்னொன்றில் அவரை நாய்க்குப் பக்கத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள், முதலாளியின் பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று கைகொட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்து அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"இவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டார்.

ப்ரூஃப் அண்ணன் முன்னும் பின்னும் புரட்டித் தேடினார். "ஒண்ணும் பண்ணல சார். அதான் ஜோக்கு."

கடைசியில் மேனேஜர், ஆளையே எடுத்துவிடுங்கள் என்றார். தூசியக்கா ஒரு பக்கத்தில் எடுத்தும் பார்த்தாள். காலியான தரையைப் பார்த்து ஒரு குடும்பமே வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளி வெறுங்காற்றை உதைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பயமாகவே இருந்தது. கறை காகிதத்தில் இருந்தால் எடுக்கலாம், கதையிலேயே இருக்கிறதே, அதை எந்த பிரஷ்ஷால் எடுப்பது?

இனி வீட்டுக்காரரிடம் மறைத்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாண்டு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த நேரம், சாப்பாட்டு மேஜையில் பழைய பக்கங்களை விரித்தாள். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்தார்.

"இவன்தானா அது?" என்றார்.

"எவன்?"

"கரிக்குண்டான். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு பில்டிங்ல ஒரு வீட்டுக்காரர், லிஃப்ட் நின்னா போதும், 'அந்தக் கரிக்குண்டான அனுப்பு'ன்னுதான் போன் பண்ணுவாரு. பட்டறையில எல்லாரும் சிரிப்பாங்க. குண்டான்னா பாத்திரமாச்சே, நான் என்னத்தச் சமைச்சேன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"எல்லாத்தையும் அழிச்சுடறேங்க. ஒரு பொட்டு விடாம அழிச்சுடறேன்."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. நீ அழிச்சிருந்தா இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. நாளைக்கு அந்த வீட்டுக்காரரு, நாங்க அப்படியெல்லாம் கூப்பிட்டதே இல்லைன்னு சாதிப்பாரு. நான்தான் பொய்யனாவேன்."

"அப்ப வாண்டு கையில குடுக்கச் சொல்றீங்களா?"

"அதுவும் வேணாம்."

"அதுவும் வேணாம் இதுவும் வேணாம்னா நான் என்னதான் பண்றது?" அழுகைக்கு நடுவிலும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"லிஃப்ட் மிஷின் ரூமுக்குப் பூட்டுப் போடறோம். பிள்ளைங்க உள்ள போய்க் கைய விட்டுடக் கூடாதுன்னுதான். அதுக்காக மிஷினக் கழட்டிக் குப்பையில போட்டுடறோமா?" என்றார். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவள் மேனேஜர் அறையில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் கொட்டினாள். ரெண்டு புத்தகமாகப் போடுங்கள். குழந்தைகளுக்கு ஒன்று, அதில் குண்டான் வருகிற பக்கம் ஒன்றுகூட வேண்டாம், முதலாளி தானாக வழுக்கி விழுகிற பக்கமே ஏராளம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்று, அதில் எல்லாம் இருக்கட்டும், ஒரு கோடு மாறாமல். முதல் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ப்ரூஃப் அண்ணன் பாதி ஜெயித்த சந்தோஷத்தில் தலையாட்டினார், மீதி பாதிக்கு முணுமுணுத்தார்.

முன்குறிப்பை மேனேஜரே எழுதினார். அக்காலச் சமூகச் சூழல், படைப்பாளியின் வரம்புகள் என்று மூன்று பக்கம். தூசியக்கா படித்துப் பார்த்து, "இதுல தூசி ஜாஸ்தி சார்" என்றாள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்தாள். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'இந்தப் படங்களில் ஒரு சமையல்காரர் வருகிறார். அவர் நிறத்துக்காகவே அவரைக் கேலி செய்து வரைந்தார்கள். அது தவறு.' மேனேஜர் அதை வாங்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'அது தவறு' என்பதற்கு முன்னால் 'நாங்கள் சிரித்தோம்' என்று சேர்த்துக் கொடுத்தார். அந்த வரியில் தூசியக்கா கை வைக்கவில்லை.

இரண்டு புத்தகங்களும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தன. வாண்டு குழந்தைகள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தது. முதலாளி தொட்டிக்குள் விழுந்த பக்கத்தில் அது சிரித்த சிரிப்பில் தூசியக்காவுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. பெரியவர்களுக்கான தடிப் புத்தகத்தை வீட்டுக்காரர் எடுத்து ஸ்டீல் அலமாரியின் தலையில் வைத்தார்.

"அது என்னப்பா?"

"அதுவும் அதே கதைதான். அதுல கெட்ட பக்கமும் இருக்கு."

"எனக்கு எப்பக் குடுப்ப?"

"உன் கை எட்டறப்ப நீயே எடுத்துக்க. ஆனா என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு, நடுவுல உட்கார்ந்துதான் திறக்கணும். சரியா?"

வாண்டு சரி என்றது. உடனே எழுந்துபோய்ச் சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தது, அலமாரியோடு சேர்த்துப் போட்டது, ஏறி நின்று, நுனிக்காலில் எம்பிக் கையை நீட்டியது. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. தூசியக்கா ஓடிப்போய்ப் பெண்ணைத் தூக்கி இறக்கினாள். வீட்டுக்காரரிடம், பரண்மேல் கிடந்த பெரிய சூட்கேஸை இறக்கி அலமாரி மேல் ஏற்றச் சொல்லி, அதற்கும் மேலே அந்தப் புத்தகத்தை வைக்கச் சொன்னாள்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்றார் அவர்.

"ரொம்ப நாளைக்கு இல்லைன்னு தெரியுங்க" என்றாள். "ஆனா அவகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்க எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேணும்."