பன்னீர் திராட்சைப் பாகில் புரண்ட கறி உருண்டைகள்

எங்கள் குடும்பத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, அது நானே உழைத்துச் சம்பாதித்த பெயர். இன்னொரு பெயரும் இருந்தது. அதுதான் உறுத்திக்கொண்டே கிடந்தது: கைப்பக்குவம் இல்லாதவள்.

கல்யாணமாகி காமயகவுண்டன்பட்டிக்கு வந்த முதல் மாதம், விருந்தாட்களுக்குக் கறிக்குழம்பு வைத்தேன். நான் ஒரு தரம் உப்புப் போட்டேன். அடுப்பைக் கடந்து போன மாமியாரும் உதவி செய்வதாக நினைத்து ஒரு தரம் போட்டுவிட்டார். இரண்டு உப்புக்கும் நான் ஒருத்தியே பொறுப்பாளி ஆனேன். இருபத்து மூன்று வருடமாக அந்தக் குழம்பைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் கணவரின் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போது வருடத்துக்கு ஒரு பிடி உப்பு கூடிக்கொண்டே போகும்.

அன்றிலிருந்து கறிச்சட்டி என் ஓரகத்தியின் கைக்குப் போனது. அந்த அண்ணனின் மனைவிதான் அவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், ஞாயிற்றுக்கிழமை சமையல் மட்டும் சேர்ந்து. அக்கா கறி ஆக்குவார். நான் வெங்காயம் உரிப்பேன், இலை போடுவேன். கறி வெந்துவிட்டதா என்று கரண்டியை எடுத்தால்கூட யாராவது ஒருவர் மெதுவாக அதை வாங்கி வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் திராட்சைத் தோட்டத்தில் என் சொல்தான் எடுபடும். பந்தலில் எந்தக் கொடியைக் கவாத்து செய்ய வேண்டும், எந்தக் குலையை எப்போது பறிக்க வேண்டும் என்று என் கணவரே என்னைக் கேட்டுத்தான் செய்வார். தோட்டத்தில் அத்தனை பேரை வேலை வாங்குகிறவள் வீட்டுக்குள் வந்ததும் வெங்காயக்காரி.

வருடா வருடம் பெரிய மகசூல் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீடுகள் எல்லாம் எங்கள் தோட்டத்தில் கூடிக் கறிச்சோறு சாப்பிடுவோம். இந்த வருடம் அதற்கு யார் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். என் பக்கம் திரும்பாமலேயே அந்த அண்ணன் எனக்கு வழக்கம்போல வெங்காயம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"இந்த வருசம் ஒரு கறி ஐட்டம் நான் செய்யுறேன். அத்தனை பேருக்கும் நானே செய்யுறேன். அது தேறலைன்னா, இனி சாகுற மட்டும் இந்த வீட்ல கரண்டியத் தொட மாட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் கணவர் மின்விசிறியை ரொம்ப நேரம் பார்த்தார். சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்குகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். விருந்துக்கு மூன்று வாரம் இருந்தது.

குழம்போ சுக்காவோ செய்தால் அக்காவின் கையோடுதான் ஒப்பிடுவார்கள், அந்தப் பந்தயத்தில் நான் ஓடுவதற்கு முன்பே தோற்றவள். அந்த வீட்டில் யாரும் தின்றிராத ஒன்று வேண்டும் என்று கணக்குப் போட்டேன். முன்பு ஒருநாள் பறிப்பு முடிந்து பந்தலடியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ பார்த்திருந்தேன். கொரியாவோ ஜப்பானோ, ஏதோ ஒரு கிழக்கத்திய நாட்டுச் சமையல். கொத்துக்கறியை உருண்டை பிடித்துப் பொரித்து, சோயா சாஸும் இனிப்பும் புளிப்பும் இஞ்சி பூண்டும் சேர்த்துக் காய்ச்சிய பாகில் புரட்டுகிறார்கள். ஒவ்வொரு உருண்டையும் எண்ணெய் தேய்த்த நாவல் பழம்போல மினுக்கியது. மேலே எள்ளும் வெங்காயத்தாளும். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிருந்தது. அதையே செய்வதென்று முடிவெடுத்தேன்.

முதல் ஒத்திகை ஒரு வியாழக்கிழமை. கம்பம் டவுனில் சோயா சாஸ் பாட்டிலும் கொத்துக்கறியும் வாங்கி வந்தேன். கொத்துக்கறியை எங்கள் பக்கம் எப்படிக் கழுவுவோமோ அப்படியே கழுவினேன். மஞ்சள்தூள் போட்டு, வடிகட்டியில் கொட்டி, தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் நாலு தரம். பிறகு முட்டையும் ரொட்டித்தூளும் சேர்த்து உருட்டி எண்ணெயில் போட்டேன். உருண்டைகள் ஒரு நிமிடம் யோசித்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்து, எண்ணெய் முழுக்கக் கறித் துருவலாகப் பரவிவிட்டது. என் கணவர் அதை அரித்தெடுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். "பொடிமாஸ் நல்லாத்தான இருக்கு" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார், அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

இரண்டாவது தரம், கோலா உருண்டைக்குச் செய்கிற மாதிரி பொட்டுக்கடலையை அரைத்துக் கொட்டினேன். இந்த முறை உடையவில்லை. ஆனால் பாகில் போட்டதும் அத்தனை பாகையும் பொட்டுக்கடலை குடித்துவிட்டு மொத்தென்று உட்கார்ந்தது. மினுக்கமும் இல்லை, சாறும் இல்லை. கோலா உருண்டைதான் வேண்டுமென்றால் அக்கா என்னைவிட நூறு மடங்கு நன்றாகச் செய்வார்.

அன்று நான் அழுதேன். கரண்டியைத் தொட மாட்டேன் என்று சொன்ன வாயை நானே நொந்துகொண்டேன். மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். முந்தின சாயங்காலம் மழை பெய்திருந்தது. பறிக்க வந்த பெண்களில் ஒருத்தி ஈரக் குலையைக் கூடையில் வைக்கப் போனதும் நான் கத்தினேன். மழைத்தண்ணீர் குடித்த பழம் தோல் வெடித்து, கூடைக்குள் இருக்கிற நல்ல பழத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும், ஈரம் காய்கிற வரைக்கும் யாரும் குலையில் கை வைக்கக் கூடாது என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். பாதித் திட்டில் என் வாய் தானாக நின்றுவிட்டது.

நாலு தரம் தண்ணீர் காட்டிய கொத்துக்கறி ஞாபகம் வந்தது. நைந்த கறி இண்டு இடுக்கெல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தத் தண்ணீரோடு எண்ணெயில் குதித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? பழத்தில் ஒரு சொட்டு ஈரத்துக்குச் சண்டைக்குப் போகிற நான், கறியைக் குளத்தில் முக்கி எடுத்திருக்கிறேன். அந்தப் பெண் நான் ஏன் சிரிக்கிறேன் என்று பயந்துபோய்ப் பார்த்தாள்.

வீடியோவில் அவர்கள் கறியைக் கழுவவே இல்லை. ஆனால் கழுவாத கறியை எங்கள் வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள், நானும் தொட மாட்டேன். அதனால் கொத்துக்கறியை விட்டுவிட்டேன். எலும்பில்லாத தொடைக்கறியை முழுசாக, கொஞ்சம் கொழுப்போடு வாங்கி, முழுசாகவே கழுவினேன். வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் உலர்த்தினேன். ஈரம் போனதும் துண்டு போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தேன். உருட்டும்போதே கைக்குத் தெரிந்தது. கையில் ஒட்டாமல், கொழகொழக்காமல் கட்டியாக நின்றது. பொரித்தபோது ஒன்றுகூட உடையவில்லை. அடுப்படியில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

பாகுக்கு அவர்கள் தேனும் ஏதோ அரிசி வினிகரும் ஊற்றினார்கள். எனக்கு எதற்கு அது? இனிப்பையும் புளிப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு திராட்சை பந்தல் பந்தலாகத் தொங்குகிறதே. பன்னீர் திராட்சையை மிக்ஸியில் போட்டால் கொட்டை அரைபட்டுக் கசந்துபோகும் என்பதால் கையால் பிசைந்து வடிகட்டினேன். அந்தச் சாற்றோடு சோயா சாஸ், நசுக்கிய இஞ்சி பூண்டு, இரண்டு வரமிளகாய், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் பாகில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. அந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க யாரும் தேவையில்லை.

விருந்தன்று தோட்டத்தில் ஏழெட்டுக் குடும்பம் கூடியிருந்தது. அக்கா ஒரு பக்கம் குழம்புக்கும் சுக்காவுக்கும் அடுப்பு மூட்டியிருந்தார். நான் இன்னொரு பக்கம். உருண்டைகளை வீட்டிலேயே பொரித்து எடுத்து வந்திருந்தேன். பாகை மட்டும் அங்கேயே பெரிய இரும்புச் சட்டியில் ஏற்றினேன். வீட்டில் கால் மணி நேரத்தில் இறுகிய பாகு, அங்கே அரை மணி ஆகியும் ரசம் மாதிரி தளதளவென்று கொதித்தது. ஆண்கள் இலை முன்னால் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கறி ஐட்டம் என்று சொல்லிவிட்டுத் திராட்சை ரசம் வைத்திருக்கிறாளே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சோளமாவைக் கரைத்து ஊற்றினால் உடனே இறுகிவிடும், கை அதை நோக்கிப் போனது. அப்படி இறுக்கினால் அந்த மினுக்கம் வராது என்று எனக்குத் தெரியும். கையை இழுத்துக்கொண்டேன். விறகை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, அவருக்குப் பதில் சொல்லாமல் நின்றேன். அன்றைக்கு நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அந்தப் பதில் சொல்லாமல் இருந்ததுதான்.

கொஞ்ச நேரத்தில் நுரை பெருத்தது, கொதிக்கிற சத்தம் மாறியது. கரண்டியைத் தூக்கினால் பின்பக்கம் கறுப்பாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழிந்தது. உருண்டைகளை மொத்தமாகக் கொட்டி இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக் குலுக்கினேன். வறுத்த எள்ளைத் தூவினேன். பந்தல் வழியாக விழுந்த வெயிலில் அத்தனை உருண்டையும் பளபளத்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

பரிமாற வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இந்த ஆண்கள் யாருடைய தீர்ப்பும் எனக்கு வேண்டாம். அங்கிருந்த அத்தனை பேரிலும் கறி தெரிந்த நாக்கு ஒன்றுதான், அது இன்னொரு அடுப்பில் சுக்கா கிண்டிக்கொண்டிருந்தது. சமைக்கிற பெண்கள் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான் எங்கள் வழக்கம். அதுவரைக்கும் வைத்திருந்தால் பாகு ஆறிச் சவசவத்துவிடும், அக்கா சாப்பிடும்போது நான் தோற்றுவிடுவேன். என் சுயநலம்தான் அது, வேறொன்றும் இல்லை.

"அக்கா மொதப் பந்தியில உக்காந்தாத்தான் சட்டியத் தூக்குவேன்" என்றேன்.

அக்கா என்னைக் கிறுக்கியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அடுப்பில் வேலை கிடக்கிறது என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். இந்த முறை அதை என்னிடமிருந்து யாரும் திருப்பி வாங்கவில்லை. அண்ணன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். நான் முதல் இலையாக அக்கா இலையில் நாலு உருண்டை வைத்துவிட்டு, மற்ற இலைகளுக்கும் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அக்கா ஒன்றைப் பிட்டார். உள்ளே சாறு இருந்தது. வாயில் போட்டு மெதுவாக மென்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். நாலாவதும் போனபிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மிளகாய் கூடிவிட்டதோ என்று அவர் பக்கம் குனிந்தேன்.

"காரமாக்கா?"

"காரமெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆத்தா" என்றார் அக்கா. "இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சு. ஆக்குன கறிய நான் சூடாத் திங்கிறது இன்னைக்குத்தான்."

அந்த அண்ணன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. நானும் நின்றேன். கறிச்சட்டியை ஒரு சிம்மாசனம் என்று நினைத்து இருபத்து மூன்று வருடம் பொறாமைப்பட்டவள் நான். அதன் பக்கத்தில் நின்றவர் கடைசியில் ஆறிப்போனதைத் தின்றுவிட்டு எழுந்து போனதை ஒரு நாளும் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை, தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணன் தன் இலையில் இருந்ததை முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த பந்திகளுக்கு எடுத்து வைத்ததுபோகச் சட்டியில் மூன்று உருண்டைதான் மிச்சம் இருந்தது. மூன்றையும் அக்கா இலையில் வைத்தேன். "இவுகளுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை செஞ்சு போடுறேன், நீங்க உக்காந்து தின்னுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சுக்கா அடிப்பிடிப்பதற்குள் அடுப்பைப் பார்க்க ஓடினேன்.