கோட்டக்காவும் ஒரு டெலிபோன் நம்பரும்

பச்சை குத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் கோட்டக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கடை அவள் தம்பியுடையது. தம்பிக்கு ஊசி பிடிக்கக் கை அமைந்த அளவுக்குப் பென்சில் பிடிக்க அமையவில்லை. கடை திறந்த புதிதில் அவன் வரைந்து காட்டிய பறவையைப் பார்த்து ஒரு பெண், "இது என்ன, செருப்பா?" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே அக்காவிடம் வந்து நின்றான்.

"சும்மாதானே இருக்கே. நாலு கோடு போட்டுக் குடேன்க்கா."

அவள் அப்போது சும்மாதான் இருந்தாள். அதற்கு முன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தாளில் அளவு வரைந்து வெட்டிக் கொடுக்கும் வேலை. சட்டைக் கையின் வளைவையும் கழுத்து வளைவையும் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவாள். அப்பா படுக்கையில் விழுந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. அங்கே அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் ஓர் எண். "இருபத்தி நாலுக்கு ஊசி போட்டாச்சா?" என்பார்கள். அவர் போன பிறகு திரும்பிப் போனால் தொழிற்சாலையில் அவள் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலு கோடு என்று போனவள் அந்தக் கடையிலேயே நிலைத்துவிட்டாள். கோடு போடும் அக்கா, வருகிறவர்கள் வாயில் கோட்டக்கா ஆனாள்.

கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒடுக்கமான மாடிப்படி ஏறிப் போனால் வரும். முன்னறையில் ஜன்னலோரம் அவள் மேசை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் சாய்வு நாற்காலியும் விளக்கும். தடுப்புக்குப் பின்னாலிருந்து மெஷின் ரீங்காரம் கிளம்பியதும் இவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

முதல் தடவை பச்சை குத்த வருகிறவர்கள் அவளுடைய பொறுப்பு. வருகிறவர்கள் முதுகு நிறையச் சிங்கம் கேட்பார்கள். அவள் கட்டைவிரல் அளவில் ஓர் இலையைப் போட்டு நீட்டுவாள். "முதல்ல இதைப் பேனாவால கையில வரைஞ்சுக்கிட்டு ஒரு வாரம் சுத்துங்க. அதுக்கு அப்புறமும் பிடிச்சிருந்தா வாங்க." நிழல் கிடையாது, நிரப்பல் கிடையாது. ஒற்றைக் கோடு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. தோலுக்குள் போன மை வருஷம் போகப் போகக் கொஞ்சம் பரவும். நெருக்கிப் போட்டால் பூ ஒருநாள் பொட்டாகிவிடும் என்பது அவள் கவலை. வரைந்து முடித்ததை ஊதா நிறம் ஒட்டும் ஸ்டென்சில் தாளில் மாற்றித் தம்பியிடம் கொடுத்தால், அவன் அதைத் தோலில் ஒற்றி எடுத்து, அந்தத் தடத்தின்மேலேயே ஊசி ஓட்டுவான். ஒருவன் ஒரு வாரம் சுற்றிவிட்டு வரவே இல்லையென்றால் அவளுக்கு ஒருவிதத் திருப்தி. தம்பிக்குத்தான் வயிறு எரியும்.

ஒருநாள் காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தம் மனைவியைக் கைப்பிடித்துப் படியேற்றிக் கூட்டிவந்தார். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு நினைவு தப்பிட்டே வருதும்மா" என்றார் டிரைவர், பக்கத்தில் மனைவி இருப்பதையே மறந்தவர்போல. "வெளிய போனா திரும்பி வரத் தெரியல. ரெண்டு தடவை போலீஸ் கொண்டுவந்து விட்டுச்சு. அட்டை மாட்டிவிட்டா கழட்டிப் போட்டுடறா. வளையல் மாதிரி ஒண்ணு செஞ்சு போட்டேன், அதையும் எங்கயோ விட்டுட்டு வந்துட்டா. அதான், கையிலயே போன் நம்பரைக் குத்திடலாம்னு."

கோட்டக்காவுக்கு அப்பாவின் மணிக்கட்டுப் பட்டை கண்முன் வந்தது. "மனுஷங்க மேல நம்பர் போடறது சரியா வராதுங்க ஐயா. நான் வேணும்னா ஒரு பூ..."

"ஏம்மா சரியா வராது?"

கேட்டது டிரைவர் இல்லை, அந்தம்மா. படத்திலிருந்து கண்ணை எடுத்து இவளை நேராகப் பார்த்தார். "தொலைஞ்சு போறது நான். இவரு பேசறாரு, நீ பேசறே. என்னை யாராவது கேட்டீங்களா?"

கோட்டக்கா எழுந்து வந்து அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "தப்புதாம்மா. நீங்க சொல்லுங்க."

"நான் முப்பது வருஷத்துக்கு மேல டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவ. காதுல மாட்டிக்கிட்டு, நம்பர் கேட்டு, லைன் குடுக்கறது. நம்பர் எனக்குச் சோறு போட்டுச்சு. அதைக் கையில எழுதிக்க எனக்கென்ன வெக்கம்? காலையில இப்படித் தெளிவா இருக்கேன். சாயங்காலம் எப்படி இருப்பேனோ. இப்பவே எழுதிடுங்க."

"என் நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோம்மா" என்று டிரைவர் வாயெடுத்தார்.

"உங்க நம்பரா?" என்று சிரித்தார் அந்தம்மா. "போனை எங்க வெச்சோம்னு நாள் பூரா தேடற மனுஷன் நீங்க. நான் தொலைஞ்சு போனா நீங்க முதல்ல போனைத் தேடணும், அப்புறம் என்னைத் தேடணும். மக நம்பரைப் போடச் சொல்லுங்க."

தடுப்புக்குப் பின்னால் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். டிரைவரும் சிரித்துவிட்டார்.

கோட்டக்கா அன்றே வரைய உட்கார்ந்தாள். எண் என்று பளிச்சென்று தெரியாதபடி ஒரு கொடியை வளைத்து, இலைகளுக்கு நடுவே இலக்கங்களை ஒளித்துப் போட்டுக் காட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தொலைஞ்சு நிக்கறவ கையில விடுகதை போடாதம்மா. யாரு உக்காந்து இதை அவிழ்க்கறது? பெருசா, தெளிவா எழுது. மூணு மூணா, கடைசியில நாலாப் பிரிச்சு எழுது, அப்பதான் படிக்கறவங்க நாக்குல நிக்கும்."

அப்படியே எழுதினாள். தாளை அவர் முன்கையில் வைத்துப் பார்த்தபோது அந்தம்மா அதைத் தலைகீழாகத் திருப்பினார். "நான் படிக்கறதுக்கா இது? எதிர்ல நிக்கறவங்க படிக்கணும்."

ஒவ்வோர் இலக்கத்தையும் கோட்டக்கா மறுபடி போட்டாள். வயதான தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருக்கும். ஊசி ஆழமாகப் போனால் மை கசிந்துவிடும். எட்டின் இரண்டு வயிற்றையும் அகலப்படுத்தி, ஆறின் வாயைத் திறந்து வைத்தாள். எல்லாம் முடிந்தபின், "நம்பர் மத்தவங்களுக்கு. உங்களுக்குன்னு எதுவும் வேண்டாமாம்மா?" என்று கேட்டாள்.

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "மேல ஒரு கம்பி போடு. அது மேல ஒரு குருவி. எங்க ஆபீஸ் ஜன்னல்ல அதுதான் தெரியும்."

ஒரு நீளக்கோடு, அதன்மேல் ஒற்றை இழுப்பில் ஒரு குருவி. அந்த வாரமே ஒரு காலையில் தம்பி குத்தினான். அன்று கோட்டக்கா ரேடியோவைப் போடவில்லை. அந்தம்மா கூப்பிட்டதால் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், ஊசி இருந்த பக்கம் பார்க்காமல், அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஏம்மா நடுங்கறே? குத்தறது எனக்கு" என்று அந்தம்மாதான் அவளுக்குத் தைரியம் சொன்னார்.

புண் ஆறிச் செதில் உதிர்ந்த சமயம், டிரைவரின் மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை. விடுமுறைக்கு வந்தவள் கழற்றிய ஹெல்மெட் கையோடேயே படியேறி வந்தாள். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும்.

"யாரைக் கேட்டு எங்கம்மா கையில நம்பர் குத்தினீங்க?"

"அம்மாவைக் கேட்டுத்தாம்மா" என்றாள் கோட்டக்கா.

"அவங்களுக்குக் காலையில என்ன சாப்பிட்டாங்கன்னே நினைவில்ல. அவங்க சரின்னு சொன்னா அது ஒரு சம்மதமா? குடோன்ல மூட்டைக்கு நம்பர் போடற மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க. படிச்சவங்கதானே நீங்க?"

"நாந்தான்டா கூட்டிட்டு வந்தேன்" என்றார் டிரைவர் மெதுவாக.

"நீங்க பேசாதீங்கப்பா."

கோட்டக்கா அந்தம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். "அம்மா, நீங்கதானே கேட்டீங்க? மூணு மூணா எழுதச் சொன்னீங்களே..."

அந்தம்மா தம் கையைத் தூக்கி, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "குருவி நல்லா இருக்கே. யாரு போட்டது?"

மகள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். அவள் சொன்ன சொல்லெல்லாம் கோட்டக்கா மனதில் முதல்நாள் ஓடியதுதானே?

அதற்குப் பிறகு சில நாள் பென்சில் ஓடவில்லை. வந்தவர்களிடம் பழைய மாதிரிகளையே எடுத்துக் காட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு அவங்க பேசினதை நானும்தானே கேட்டேன். பின்னாடி மறந்துட்டாங்கங்கறதுக்காக அன்னிக்குச் சொன்னது சொல்லாததாயிடுமாக்கா?"

"தெரியலடா" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது. எடுத்தால், மகள்.

"அம்மா காலையில காணாம போயிட்டாங்க" என்று ஆரம்பித்தாள். "ஐயோ, எப்போம்மா?" என்றாள் கோட்டக்கா. "கிடைச்சுட்டாங்க. பதறாதீங்க. கிடைச்சுட்டாங்க."

அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மழையில் நனைந்தபடி நின்றிருக்கிறார். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இவரிடம் பெயரைக் கேட்டால் தெரியவில்லை, வீட்டைக் கேட்டால் தெரியவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துவிடும்போது நம்பரைப் பார்த்திருக்கிறாள்.

"அவங்க போனைக் கையில வெச்சுக்கிட்டு நம்பரைச் சத்தமா படிச்சாங்களாம். மூணு மூணா. எங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்துட்டு, 'லைன்லயே இருங்க, இணைக்கறேன்'னு சொன்னாங்களாம்."

கோட்டக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல" என்றாள் மகள். "ஆனா போன் வந்துச்சு. அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"சொன்னீங்களே, அதுவே போதும்மா."

அந்தம்மா அதன்பின் தொலையவில்லை. மகள் இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். பேச்சு குறைந்து, பிறகு நின்றும் போனதாக டிரைவர் ஒருமுறை போனில் சொன்னார். குருவியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருப்பாராம். போனைத் தேடியே பெயர் வாங்கிய மனுஷன் இப்போது போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறாராம்.

விஷயம் காதோடு காதாகப் பரவியது. அம்மாவை, மாமனாரை, பெரியப்பாவை என்று கூட்டிக்கொண்டு ஆட்கள் படியேறினார்கள். கோட்டக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கூட்டி வருகிறவர் கீழே கண்ணாடிக் கடையில் போய் உட்கார வேண்டும். கைக்குச் சொந்தக்காரர் மட்டும் அவளோடு தனியாக இருந்து பேச வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. இன்னொரு நாளும் வந்து அதையே சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒருவர் தம் அப்பாவைக் கூட்டிவந்தார். மகன் கீழே போனதும் பெரியவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். கோட்டக்கா காட்டிய மாதிரிகளை எல்லாம் பார்த்தார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார். கடைசியில் தாள்களை அடுக்கி அவளிடமே நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்மா. வெளிய போனா நான் எங்கயும் தொலையறதில்ல. டீக்கடையிலதான் இருப்பேன். அவன் அங்க வந்து பாக்கறதில்ல, அவ்வளவுதான்."

கோட்டக்கா மகனை மேலே கூப்பிட்டாள். "அப்பாவுக்கு வேண்டாமாம்."

"அவருக்கு என்ன மேடம் தெரியும்?"

"வேண்டாம்னு தெரியுது சார்."

அந்த ஆள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பெரியவர் பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். தடுப்புக்குப் பின்னாலிருந்து தம்பி, வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பினால் கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் வீட்டில் கதை பேசிக்கொண்டிருக்கலாம் என்று முணுமுணுத்தான். கோட்டக்கா காதில் விழாததுபோல் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.