நெருப்புச் சுடாத கை

என் மனைவிக்கு வந்த நோயின் முதல் அடையாளத்தை நான் படம் பிடித்தேன். அதைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பதுளையில் ஒரு கண்காட்சியில் தொங்கவிட்டேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் பல்லிளித்துக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதில் பாதி என் மேல்.

நான் பண்டாரவளையில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடிப்பவன். மனைவி விஜி கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பன்னிரண்டு வயது மகள் தர்ஷினியோடு அந்தத் தோட்டத்து லயத்தில்தான் (வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்) குடியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாருக்காவது விரல் விறைத்து, அதை யாரும் பெரிதாக எடுக்காமல் இருந்தால், இது உங்களுக்காக எழுதப்பட்டது.

எங்கள் முதலாளி கல்யாண ஆல்பங்களுக்கென்று பழைய மீடியம் ஃபோர்மட் டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கினார். சாதாரண கமராவைவிட அதற்குள் படம் பதியும் தகடு பெரியது. பட்டுச் சேலையின் நூலைக்கூட எண்ணலாம். ஆனால் மகா சோம்பேறி. ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்கு அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். ஐயர் கெட்டிமேளம் சொல்லும்போது அது யோசித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது கல்யாணத்தோடு முதலாளி அதை அலுமாரியில் வைத்துவிட்டார். "ஆடாம அசையாம நிக்கிற சாமான் ஏதாச்சும் எடுக்கிறதுன்னா ஞாயித்துக்கிழமையில கொண்டுபோங்க தம்பி" என்றார்.

அப்படித்தான் எங்கள் லயத்தை எடுக்க ஆரம்பித்தேன். பீலியடியில் தண்ணீருக்கு வரிசை பிடித்து நிற்கும் வாளிகள், காற்றுக்குப் பயந்து கூரைத் தகரத்தின் மேல் ஏற்றி வைத்த கற்கள், அடுப்புப் பக்கம் காயும் தர்ஷினியின் பாடசாலைச் சப்பாத்து. வெளியூர்க்காரர்கள் எங்கள் மலைக்கு வந்தால் கூடையோடு சிரிக்கச் சொல்லிப் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கூடையை இறக்கிய பிறகு அந்தப் பெண்கள் எதைத் தூக்குகிறார்கள், எதில் சமைக்கிறார்கள் என்று ஒருவரும் எடுத்ததில்லை. நான் எடுத்துக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு.

அந்த வீம்பில்தான் விஜி ரொட்டி சுடுவதை எடுத்தேன். கொதிக்கும் கல்லிலிருந்து வெறும் விரலால் ரொட்டியை எடுப்பாள்.

"சுடலையா விஜி?"

"பழகிப் போச்சுங்க. ஒண்ணும் தெரியல."

கமராவின் சோம்பலைச் சொன்னேனே. ஒரு தடவை விரல் தெளிவாக விழாது. ஒரு தடவை புகை மறைக்கும். "இன்னொருக்கா வை, இன்னொருக்கா எடு" என்று ஒரே ரொட்டியை ஒன்பது தடவை வைத்து எடுக்கச் சொன்னேன். அவளும் முகம் சுளிக்காமல் எடுத்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்து, "நெருப்புக்கே இவளக் கண்டா பயம்" என்றார். மூவரும் சிரித்தோம்.

கொழுந்து மலையில் இருப்பவர்கள்தான் இப்படி ஏமாற முடியும். காலைப் பனியில் பறிக்கும் எல்லாப் பெண்களுக்கும் விரல் விறைக்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். அதனால் விறைப்பு எங்களுக்கு ஒரு நோயே இல்லை. விஜிக்கு வெயில் ஏறிய பிறகும் விறைப்பு விடவில்லை. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவளுடைய முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்றும் இருந்தது. இரண்டு வருடத்தில் நான்கு தடவை அதைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் காட்டினாள். மூன்று தடவை படர்தாமரைக் களிம்பு கிடைத்தது. நான்காவது தடவை விரல் விறைப்பதையும் சொன்னாள். "கொழுந்து எடுக்கிற கைன்னா வெறைக்காம என்ன செய்யும்?" என்று பெனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்தத் தேமலைப் பஞ்சால் ஒரு தடவை தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த மனிதர் நான்கு தடவையும் நாற்காலியை விட்டு எழவில்லை.

கண்காட்சியைச் சில ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தினார்கள். பேச வந்த ஒரு பெரிய மனிதர் என் படத்தைக் காட்டி, "உழைத்து உரமேறிய கை இது. நெருப்பும் சுடாத கை. இதுதான் நம் மக்களின் பெருமை" என்றார். மண்டபமே கைதட்டியது. விஜி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டாத ஒருவர் இருந்தார். பதுளைக் கடைத்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்பவர். கூட்டம் கலைந்த பிறகு படத்தில் மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"யாருட கை தம்பி இது?"

"என் சம்சாரத்தோட கை."

"அவங்களுக்கு இது சுடுமா?"

"சுடாதுங்க. பழக்கம்."

"பழகினாலும் சுடணும் தம்பி. சுடாட்டி அது பழக்கமில்ல."

ஒவ்வொன்றாகக் காட்டினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கைச் சதை குழி விழுந்திருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்நோக்கி வளையத் தொடங்கியிருந்தன. வெவ்வேறு காலத்தில் பட்ட மூன்று தீக்காய வடுக்கள் இருந்தன. நூலை எண்ணும் கமரா எதையும் மறைக்கவில்லை. நான்தான் வாரக்கணக்கில் கணினி முன் உட்கார்ந்து வெளிச்சத்தை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன். "படம் பார்க்க வந்தீங்களா, நோய் பார்க்க வந்தீங்களா?" என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக் நடக்கும் நாளை ஒரு தாளில் எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் இருந்தவர் இளம் பெண் டாக்டர். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். விஜியைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடும் இடத்தை மற்றக் கை விரலால் காட்ட வேண்டும். விஜி கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தொடங்கலையா டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் அதற்குள் ஏழு இடத்தில் தொட்டு முடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முழங்கையின் உட்புறத்தில் உல்னார் நரம்பு (இடித்துக்கொண்டால் விண்ணென்று கரண்ட் அடிக்குமே, அது) கயிறு போலத் தடித்திருந்தது. காதுமடலில் சிறு கீறல் போட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வந்தது: தொழுநோய் (பழைய பேச்சில் குஷ்டம், ஒரு கிருமி மெதுவாகத் தோலையும் நரம்பையும் தாக்கும் நோய்). சாபமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. மாத்திரையால் முழுதாகக் குணமாகும். மாத்திரைக்குக் காசும் இல்லை.

"நோய் நிச்சயம் சுகமாகும். ஆனா செத்த நரம்பு திரும்ப வராது" என்றார் டாக்டர். "இந்த ரெண்டு விரலையும் காப்பாத்தலாமான்னு ஆறு மாசம் பார்ப்போம்." பிறகு விஜியிடம், "ஏன் அம்மா இவ்வளவு லேட்?" என்று கேட்டார்.

விஜி தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு தடவை காட்டியவள் அவள். அந்தக் கேள்விக்கு அவளா பதில் சொல்ல வேண்டும்? நான் சத்தம் போட்டுவிட்டேன். அந்த டாக்டர் என்ன செய்வார் பாவம், கேட்டுக்கொண்டார். கேட்க வேண்டியவர் தோட்டத்தில் நாற்காலியில் இருந்தார்.

மறுநாள் ஸ்டூடியோவில் அந்த ஒன்பது படங்களையும் வரிசையாகத் திறந்தேன். கண்காட்சிக்குப் போனது நான்காவது. ஆறாவதில் விரல் நுனி சிவந்திருந்தது. ஒன்பதாவதில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. அவளை நான்தான் சுட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியவில்லை சரி, கண் இருந்த எனக்கு என்ன கேடு? முதலாளி பார்க்க மேசையில் தலை வைத்து அழுதேன்.

மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அட்டையில் வரும் கூட்டு மாத்திரை, விஜிக்கு ஒரு வருடம். மாதத்தின் முதல் வேளை மாத்திரை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும்; இரத்தம் என்று பயப்படாதீர்கள். தோல் கறுக்கும், மருந்து நின்ற பிறகு மெல்லத் தெளியும். நரம்பு வீங்கினால் பிரெட்னிசொலோன் (வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை) தருவார்கள்; அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்து தொடங்கியதுமே நோய் பரவுவது நின்றுவிடும். கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டது அதுதான்.

எனக்கும் தர்ஷினிக்கும் நோய் இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள். அக்கம் பக்கத்தாரைச் சோதிக்கப் பரிசோதகர் லயத்துக்கு வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் திரும்பிப் போவதற்குள் செய்தி கீழ் லயத்துக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் போடும் இடத்தில், கங்காணி விஜியைக் கொழுந்திலிருந்து நீக்கித் தனியாகப் புல்லு வெட்டப் போகச் சொன்னார். உணர்ச்சியில்லாத கையில் புல்லு வெட்டும் கத்தி! கண்காட்சி நடத்தியவர்களும் விடவில்லை. மண்டபத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி ஃபோன் பண்ணினார்கள். மக்களின் பெருமை ஒரு மாதத்தில் மக்களின் அருவருப்பு ஆகிவிட்டது.

அடுத்த நாள் நானும் டாக்டரின் கடிதத்தோடு பெரட்டுக்குப் போனேன்.

"லெட்டர் இருக்கட்டும் தம்பி. சனம் கேக்கணுமே" என்றார் கங்காணி.

நான் வாய் திறப்பதற்குள் விஜி முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ரெண்டு வருசமா ஒங்க கூடத்தானே கொழுந்து எடுத்தேன்? ஒட்டுறதுன்னா அப்ப ஒட்டியிருக்கும். அப்ப மருந்து இல்ல. இப்ப மாத்திர சாப்புடுறேன், இப்ப ஒட்டாது. பயப்படுறதுன்னா அப்பவே பயந்திருக்கணும். இப்ப என்ன புதுசா?"

லெட்சுமி அக்காதான், "அவ சொல்றது சரிதானே? வா புள்ள, மல ஏறுவோம்" என்று கூடையை எடுத்தார். விஜி கொழுந்துக்குப் போனாள். கங்காணியால் தடுக்க முடியவில்லை. ஆனால் பல மாதங்கள் அவள் கொழுந்தைத்தான் கடைசியாகத் தராசில் வைத்து நிறுத்தார்கள். அந்தச் சின்னப் புத்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெந்நீரில் கையை ஊறவைப்பது கூடாது, பச்சைத் தண்ணீரில்தான் என்றார் டாக்டர். தினமும் மாலையில் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினோம். கைக்குக் கட்டை வைத்துக் கட்டினோம். ஆறு மாதத்தில் மோதிர விரல் நிமிர்ந்தது. சுண்டு விரல் நிமிரவில்லை. ஒரு வருடம் முடிந்ததும், "நோய் போயிருச்சு" என்றார் டாக்டர். விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. இனி வராது.

அதனால் எங்கள் வீட்டில் மாலை நேரம் மாறிவிட்டது. நான் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதல் வேலை அவள் கையைப் பார்ப்பது. முள், வெட்டு, கொப்புளம் என்று ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். அவளுக்குத் தோல் சொல்ல வேண்டியதை இப்போது என் கண் சொல்கிறது. கால் மணி நேரம் போகும். முன்பு அந்தக் கால் மணி நேரம் எங்களிடம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு நாள் உள்ளங்கை ஓரத்தில் பெரிய கொப்புளம் ஒன்றைக் கண்டேன். தேத்தண்ணீர் கொதிக்கும் கேத்தல் பட்டிருக்க வேண்டும். எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. விஜி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது வலிக்கிற காயமா?"

"வலிக்கும்."

"எவ்வளவு?"

என் கையில் சுட்டுக்கொண்ட ஒரு நாளை நினைத்துப் பார்த்துச் சொன்னேன். "கையத் தொங்கப் போட முடியாது. விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். துணி பட்டாக்கூட உசுரு போகும்."

காய்ச்சலோடும் பெரட்டுக்குப் போனவள் அவள். கை நன்றாக இருந்த காலத்தில் ஒரு காயத்துக்காக வீட்டில் நின்றதே இல்லை.

"அப்ப நாளைக்கு நான் போகல" என்றாள். "கங்காணிக்குச் சொல்லிருங்க. எனக்குக் கை வலிக்குதுன்னு சொல்லுங்க."