சனிக்கிழமைச் சீட்டு

கோடு போட்ட நோட்டுத் தாளை நான்காகக் கிழித்தால் வரும் ஒரு துண்டு. அதில் ஆறு வரி எழுதலாம். ரெட்டியார்பாளையத்தில், உயர்ந்த மதிலுக்குள் நாங்கள் வாழ்ந்த இல்லத்தில், சனிக்கிழமைதோறும் அது ஆளுக்கொன்று தரப்படும். தன் குற்றத்தை எழுதுவதற்கல்ல; தனக்கு மிக நெருங்கியவர் அந்த வாரம் செய்த குற்றத்தை எழுதுவதற்கு. அன்பின் உச்சம் அதுவே என்று இல்லத்தின் தலைவரான அய்யா போதித்தார். அப்பா இறந்த துக்கத்தில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நான்கு வயது.

பன்னிரண்டாம் வயதில் நான் எழுதிய சீட்டு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ‘அம்மா அரிசி டப்பாவுக்குள் சர்க்கரை மாத்திரை ஒளித்து வைத்திருக்கிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விழுங்குகிறார்.’ மருந்து உண்ணும் உடலில் அருள் தங்காது என்பது இல்லத்தின் விதி. அம்மா குணமாக வேண்டும் என்றுதான் எழுதினேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். ஞாயிறன்று எல்லோர் முன்னிலையிலும் சீட்டுகள் வாசிக்கப்பட்டன. அம்மா தன் கையாலேயே மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, முருங்கை மரத்தடியில் ஊற்றினார். “மரத்துக்காவது சக்கரை எறங்கட்டும்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “கையெழுத்து அழகா இருந்துச்சுடி.”

பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்னைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. அடுத்து வந்த ஞாயிறு அய்யா அம்மாவின் சீட்டை வாசித்தார்: ‘என் மகள் அய்யாவைப் பொய்யர் என்றாள்.’ நான் அப்படிச் சொன்னதே இல்லை. அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பும் இல்லை. அந்த நேரமே வெளியேற வேண்டும், அதன்பின் உள்ளிருப்பவர் எவரும் முகம் பார்க்கக் கூடாது. அம்மாவின் காலைப் பிடித்துக் கதறினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். துணிப்பையோடு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தெருவில் ஓர் ஆட்டோவின் அருகே அம்மாவின் தங்கை நின்றிருந்தாள்.

“ஏறுடி.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல சித்தி.”

“தெரியும். ஒங்கம்மா பால்காரம்மாகிட்ட மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லியனுப்பிட்டா, ஞாயித்துக்கெழம வந்து நில்லுன்னு. ஓடிப்போனவளத் தேடி இழுத்தாந்துருவாங்க. தொரத்துனவள எவன் தேடுவான்? அழுவாத.”

“அம்மா?”

சித்தி என் பையை வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தாள். பையில் என் துணிகளுக்கு அடியில் மதிப்பெண் பட்டியல் இருந்தது.

இப்போது நான் இலக்கியம் படிக்கிறேன். ஒரு கதாபாத்திரம் ஏன் பொய் சொல்கிறது என்று பக்கம் பக்கமாக எழுத எனக்கு வருகிறது. தன் மகளை வெளியே அனுப்பத் தெரிந்த ஒருத்தி ஏன் உள்ளேயே இருந்துவிட்டாள் என்பதற்கு ஒரு வரி எழுத வரவில்லை. அச்சமா, இன்னமும் நம்பிக்கையா, இல்லத்தார் என்னைத் தேடாமலிருக்க அவர் கொடுக்கும் விலையா? கேட்பதற்கு வழியில்லை.

சென்ற வாரம், இல்லத்துப் பெண்கள் காய் வாங்க வரும் கடையருகே காத்திருந்தேன். அம்மா நொண்டியபடி வந்தார். இடது பாதத்தில் சுற்றியிருந்த பழந்துணி மஞ்சளாய் ஊறியிருந்தது. நெருங்கியபோது நாற்றம் வந்தது. இருபுறமும் இரண்டு பெண்கள்.

“அம்மா, ஆட்டோ நிக்குது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்மா. இப்பவே.”

அவர் கடைக்காரரை மட்டுமே பார்த்தார். “இந்தப் பொண்ண எனக்குத் தெரியாதுங்க. அரைக்கிலோ வெண்டைக்கா போடுங்க.” அவர் விரல்கள் முற்றிய காய்களையே பொறுக்கின. இரண்டு பெண்களும் அந்த விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால், அந்தச் சனிக்கிழமை இருவருக்கும் எழுத விஷயம் கிடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். மூவரும் சந்துக்குள் திரும்பும்வரை அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாம்மா, வருவாங்களா மாட்டாங்களா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கொஞ்சம் இருங்கண்ணா” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம்.”